ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு மீட்டர் என்று பெயர். வண்டியில் இருக்கும் மீட்டரைச் சொல்லவில்லை. அவர் தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி நாலேகால், ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம் இரண்டே முக்கால், ரயில் நிலையத்திலிருந்து மனைவியின் தையல் கடை ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முப்பத்தொரு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். அந்த முப்பத்தொரு வருடத்தில் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஒருநாளும் நிம்மதியாக உட்கார்ந்தவர் இல்லை. பஸ்ஸில் போனால்கூட வலது கால் தானாக பிரேக்கைத் தேடும்.

அவருடைய ஒரே மகள் நாலு வருடத்துக்கு முன்னால் படிக்கப் போனவள், போன ஊரிலேயே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. "நான் வர்றது நடக்காது, நீங்க ரெண்டு பேரும் வந்து மூணு வாரம் இருங்க" என்று ஒரே பிடியாகப் பிடித்துவிட்டாள். மனைவி அன்றைக்கே பெட்டியைத் தட்டித் துடைத்து வைத்தாள். மீட்டர் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டிக்கெட் ஆபீசுக்குப் போய்க் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம்?"

டிக்கெட் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு ரேட்டுன்னு கேப்பாங்க, சாப்பாடு உண்டான்னு கேப்பாங்க. தூரம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

"நான் கேக்குறேன்ல?"

அவள் கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னாள். பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். பதினைந்து மணி பத்து நிமிடம்.

"நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டாங்களா? டிரைவர் டீ குடிக்க?"

"இல்ல சார். நேரா போகுது."

மீட்டர் அதை டிக்கெட் உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மணிக்கு எண்ணூற்று முப்பத்து மூன்று என்று வகுத்தும் பார்த்துக்கொண்டார். ஆனால் மனதில் ஆணி அடித்தது போல உட்கார்ந்தது அந்த 'நேரா' என்ற சொல்தான். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுவே வித்து.

விமானம் காலை பதினோரு மணிக்குக் கிளம்பியது. ஜன்னல் ஓரம் மனைவி, நடுவில் மீட்டர், அந்தப் பக்கம் ஓர் ஆள். அந்த ஆள் ஏறும்போதே கழுத்தில் ஒரு தலையணையை மாட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார், கண்ணுக்குத் திரை போட்டார், பெல்ட்டைப் போர்வைக்கு மேலே மாட்டினார், தூங்கிவிட்டார். உலகத்தில் இப்படியும் கொடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓடுபாதையில் விமானம் வேகம் எடுத்தபோது மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலாலும் பிரேக் பிடித்தார். ஒலிபெருக்கியில் யாரோ வணக்கம் சொன்னார்கள், வானிலை சொன்னார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எல்லாம் அடங்கி, கீழே மேகம் பஞ்சு மாதிரி விரிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

எதிரே சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை. மனைவி அதில் ஏதோ ஒரு சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர் அங்கே இங்கே தொட்டுப் பார்த்ததில் அவருக்குப் பிடித்த படம் கிடைத்துவிட்டது. உலக வரைபடம். அதில் ஒரு குட்டி விமானம். கிளம்பிய ஊருக்கு ஒரு புள்ளி, போகிற ஊருக்கு ஒரு புள்ளி. வந்த தூரம் இவ்வளவு, மிச்ச தூரம் இவ்வளவு என்று எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிட நல்ல படம் யார் எடுக்க முடியும்?

ஒரு மணி நேரம் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் பார்த்தார். இரண்டாவது மணி நேரம் முடியும்போது முகம் மாறிவிட்டது.

"இந்தா, இங்க பாரு" என்று மனைவியின் முழங்கையைத் தட்டினார்.

அவள் காதிலிருந்த ஒயரை எடுத்தாள். "என்னங்க?"

"சுத்துறான்."

"யாரு?"

"டிரைவர். நம்ம ஊர் இங்க இருக்கு. மக ஊர் இங்க இருக்கு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். நேரா கோடு போட்டா இப்படிக் குறுக்கால போகணும். இவன் பாரு, மேல மேல ஏறிக்கிட்டே போறான். உச்சந்தலைக்குப் போய்ட்டு அங்கேர்ந்து எறங்குவான் போல. தலையச் சுத்தி மூக்கத் தொடுற கதையா இருக்கு."

"அவங்களுக்கு வழி தெரியாதாங்க?"

"தெரியும். அதான் சுத்துறான்."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். டாக்ஸிக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடத்தில் மீட்டரும் கொஞ்சம் சுற்றியவர்தான். கையில் பெட்டியோடு, ஊருக்குப் புதிதாக, ரயில் நிலைய வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு ஒருவர் நின்றால், ஊரின் அழகையெல்லாம் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் இறக்கி விடுவார். கல்யாணத்தோடு அந்தப் பழக்கம் நின்றது. ஆனால் கண்ணுக்குப் பழக்கம் விட்டுப்போகுமா? எவன் சுற்றினாலும் ஒரு மைல் தள்ளியே தெரிந்துவிடும்.

அவர் தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வந்தாள். இறுக்கிப் போட்ட கொண்டை, வாடாத சிரிப்பு.

"சொல்லுங்க சார், தண்ணி வேணுமா?"

"தண்ணி வேணாம்மா. இந்த வண்டி ஏன் சுத்திப் போகுது?"

அவள் திரையைப் பார்த்தாள். "அது படத்துல அப்படித் தெரியும் சார். அதுதான் குறுக்கு வழி."

மீட்டர் சிரித்தார். முப்பத்தொரு வருட அனுபவம் அந்தச் சிரிப்பில் இருந்தது. "அம்மாடி, இந்த வசனத்த நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா? 'அந்தப் பக்கம் பாலம் வேலை நடக்குது சார், இதுதான் குறுக்கு வழி.' எனக்கேவா?"

கொண்டைக்காரப் பெண்ணின் சிரிப்பு வாடவில்லை, ஆனால் லேசாக ஆடியது. "சாப்பாடு வருது சார். முடிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று நழுவிவிட்டாள்.

சாப்பாடு வந்தது. தட்டில் ஓர் ஓரமாக ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம். மீட்டர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே புலம்பினார். "உங்க அப்பன் வீட்டு பெட்ரோலா"வில் ஆரம்பித்து, "பின்னாடி முன்னூறு பேர் உக்காந்திருக்கான், ஒருத்தன் கேக்கல பாரு"வில் வந்து நின்றார். மனைவி சாப்பிட்டு முடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒரு ஆரஞ்சு குடுங்க" என்றாள்.

"உன்னோடது என்னாச்சு?"

"உரிச்சுட்டேன். உங்களோடது?"

அவரும் உரித்திருந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் கண்திரையோடு தூங்கிக்கொண்டிருக்க, அவருடைய தட்டு மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. மனைவி எட்டி, அதிலிருந்த பழத்தை எடுத்தாள்.

"அடுத்தவங்க பழத்த எடுக்குறியே!"

"சாப்பிடவா போறேன்? திருப்பி வெச்சுருவேன்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். அது இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. கூடவே இருந்த சின்னக் கத்தரியை விமான நிலையப் பரிசோதனையில் பிடுங்கிக்கொண்டதால் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. அளவு எடுக்காமலே ஆளைப் பார்த்துச் சட்டை தைப்பாள் என்று பெயர்.

"பேனா குடுங்க. இது நம்ம ஊர்" என்று பழத்தின் மேல்பாதியில் ஒரு புள்ளி வைத்தாள். பழத்தைத் திருப்பி, அதே மட்டத்தில் அந்தப் பக்கம் இன்னொரு புள்ளி வைத்தாள். "இது நம்ம பொண்ணு ஊர். சரியா?"

"சரி."

"துணிய மேசைல விரிச்சா தட்டையா இருக்கும். உடம்பு தட்டையாவா இருக்கு? தோள்ல வளையும், முதுகுல வளையும். தட்டையா வெட்டினத அப்படியே மாட்டிவிட்டா எங்கயாவது இழுக்கும். உங்க படம் மேசைல விரிச்ச துணி. இந்தப் பழம்தான் உடம்பு." அவள் நூலின் இரண்டு முனையையும் இரண்டு புள்ளியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். "இப்ப நீங்க சொன்ன மாதிரி ஒரே மட்டமா சுத்தி வெச்சிருக்கேன். பாத்துக்கிட்டீங்களா? இப்ப இழுக்குறேன்."

இழுத்தாள். நூல் தொய்வு நீங்கிச் சறுக்கிச் சறுக்கி மேலே ஏறியது. பழத்தின் காம்புக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றது. இந்தப் பக்கம் அரை விரல் நூல் மிச்சமாகத் தொங்கியது.

மீட்டர் பார்த்தார். பழத்தைக் கையில் வாங்கினார். தானே ஒருமுறை நூலை வைத்து இழுத்துப் பார்த்தார். அப்போதும் அது மேலேதான் ஏறியது.

"அட" என்றார்.

"என்ன அட?"

"மேல ஏறிப் போறதுதான் கம்மி."

"அதத்தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு? பாவம், மூஞ்சி சுண்டிப் போச்சு. வந்தா ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்க."

அவர் சொல்லத்தான் நினைத்திருந்தார். அந்த நல்ல எண்ணத்தோடு திரையைப் பார்த்தவர், வந்த தூரத்தையும் மிச்ச தூரத்தையும் சும்மா ஒரு பேச்சுக்குக் கூட்டிப் பார்த்தார். கூட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளம்பி நாலு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வந்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து. சட்டைப்பையிலிருந்து டிக்கெட் உறையை எடுத்தார்.

"இந்தா, இங்க பாரு."

"மறுபடியுமா?"

"வளைஞ்சு போறது சரி. பழத்த ஒத்துக்கிட்டேன். டிக்கெட் ஆபீஸ் பொண்ணு சொன்ன கணக்கே அந்த வளைஞ்ச வழிக்குத்தான் இருக்கும். அப்ப மொத்தம் பன்னெண்டாயிரத்து அறுநூத்து நாப்பதுதானே வரணும்? பதிமூணாயிரத்து இருநூத்துப் பத்து வருது. ஐநூத்து எழுபது கிலோமீட்டர் கூட. இவன் குறுக்கு வழியிலயே சுத்துறான்!"

மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டில் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பாள். இங்கே எங்கே போவது? "எனக்குத் தெரியாதுங்க. பழத்துல நான் நம்பர் எழுதல" என்றாள்.

தட்டுகளை எடுக்க வந்த கொண்டைக்காரப் பெண்ணிடம் மீட்டர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுத்தமாக எழுதியிருந்தார்: வந்தது 3,900. மிச்சம் 9,310. மொத்தம் 13,210. சொன்னது 12,640. மீதி 570 எங்கே?

"இத டிரைவர்கிட்ட குடுத்துரும்மா."

"சார், அவங்க ஓட்டிட்டு இருக்காங்க..."

"ஓட்டும்போது குடுக்காத. அது தப்பு. கை ஓயும்போது குடு."

இந்தக் கலாட்டாவில் கழுத்துத் தலையணைக்காரர் கண்திரையை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். முதலில் தன் தட்டைப் பார்த்தார். பிறகு மீட்டரின் மடியில் இரண்டு புள்ளியும் ஒரு நூலுமாக உட்கார்ந்திருந்த தன் பழத்தைப் பார்த்தார். தட்டின் மூடியைத் திறந்து ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

ஒரு மணி நேரம் ஓடியது. மீட்டர் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பதிமூன்றாயிரத்து இருநூற்றுப் பத்துதான் வந்தது. வெளியே வெயில் கொஞ்சமும் சாயாமல் கிளம்பும்போது இருந்த மாதிரியே அடித்தது. சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறார்கள், அதனால் பொழுது நகரவில்லை என்று மனைவியிடம் விளக்கினார். அவள் தூங்குவதுபோல இருந்தாள்.

அப்போது நடைபாதையில் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தோள்பட்டையில் நாலு கோடு, இப்போதுதான் தூங்கி எழுந்த கண். கையில் அந்தக் காகிதக் கைக்குட்டை.

"இத எழுதினது யாருங்க?"

கழுத்துத் தலையணைக்காரர் சட்டென்று தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மீட்டரைக் கை காட்டினார். மீட்டர் மரியாதைக்கு எழுந்தார். மேலே இருந்த பெட்டித் தட்டில் தலை 'ணங்' என்று இடித்தது.

"நான்தாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நானும் வண்டி ஓட்டுற ஆளுதான்."

"அப்படியா? எத்தன வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

"நான் இருபத்திரண்டு. நீங்கதான் சீனியர்." அவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்தார். "ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறோம். இப்ப எனக்கு ஓய்வு. எழுந்ததும் இத குடுத்தாங்க. இத்தன வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒரு கேள்வி அனுப்பினதில்ல."

"தப்புன்னா விட்டுருங்க."

"தப்பே இல்ல. அஞ்சு பத்து முன்ன பின்ன இருக்கும். ஐநூத்து எழுபது கூடத்தான் போறோம்."

மீட்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். அந்த ஒரு நொடிக்காக அவர் இன்னொரு பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் போகவும் தயாராக இருந்தார்.

"நேர் வழியில இன்னிக்கு எதிர்க்காத்து" என்றார் விமானி. "மூஞ்சிலயே அடிக்குது. அதுல தள்ளிக்கிட்டுப் போனா நேரமும் ஆகும், எண்ணெயும் குடிக்கும். இன்னும் கொஞ்சம் வடக்க ஏறிப் போனா காத்து கம்மி. தூரம் கூட, நேரம் கம்மி."

மீட்டரின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "எங்க ஊர்ல ரயில் நிலையத்துலேர்ந்து கோர்ட்டுக்கு மார்க்கெட் வழியா ஆறு கிலோமீட்டர். வெளி ரோடு வழியா ஒம்பது. காலைல எட்டரை மணிக்கு சவாரி ஏறினா நான் வெளி ரோடுதான்."

"அதேதான் சார். காத்துதான் எங்களுக்கு மார்க்கெட்."

"ஏறினவன் ஒத்துக்க மாட்டான் பாருங்க. 'ஏம்ப்பா சுத்துற'ன்னு சண்டைக்கு வருவான்."

"வருவாங்க, வருவாங்க" என்றார் விமானி, காகிதக் கைக்குட்டையை மடித்துக்கொண்டே. கழுத்துத் தலையணைக்காரர் இருமினார்.

மீட்டருக்கு அசடு வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளும் முன் விமானி திரையின் அடியில் விரலை வைத்தார். "தூரத்த மட்டும் பாத்திருக்கீங்க. கீழ இன்னொரு நம்பர் இருக்கே. இதையும் கூட்டிப் பாருங்க. மொத்தம் பதினாலே முக்கால் மணி நேரம்தான். சொன்ன நேரத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி எறக்கி விடுறோம். கிளம்பும்போதே ஒலிபெருக்கில சொன்னோமே?"

"அப்ப இவரு பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றாள் மனைவி.

விமானி வாய்விட்டுச் சிரித்தார். "அதெல்லாம் தொழில் வியாதி. நானும் டாக்ஸில ஏறினா சும்மா வர மாட்டேன். பின்னாடி உக்காந்து வழி சொல்லிக்கிட்டே வருவேன்."

"உங்கள மாதிரி சவாரி எனக்கு ஆகவே ஆகாதும்மா" என்றார் மீட்டர், மனதாரக் கையைக் கூப்பிக்கொண்டே.

விமானி போன பிறகு வரிசையிலிருந்த நாலைந்து பேர் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காலர் தானாக ஒரு அங்குலம் உயர்ந்தது. கழுத்துத் தலையணைக்காரர் தயங்கித் தயங்கி, "அந்தப் பழம் இனிமே தேவைப்படுமா?" என்று கேட்டார். கொடுத்தார்கள். அவர் நூலைப் பத்திரமாகச் சுருட்டி டெய்லர் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடதுருவத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார்.

மீட்டருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. "பாத்தியா? சுத்துனாலும் ஒரு நியாயம் இருக்கு. தூரம் வேற, நேரம் வேற."

"ஆமா" என்றாள் மனைவி, நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டே. "தூரமும் கூட, நேரமும் கூடன்னு ஒருத்தர் என்னைக் கூட்டிட்டுப் போனாரு ஒரு நாள்."

"யாரு?"

"கடைல சேர்ந்த முதல் வாரம். ரயில் நிலையத்துல எறங்கி, துணி மூட்டையோட நின்னேன். ஒருத்தர் வந்து மூட்டையத் தூக்கி வண்டில வெச்சாரு. ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத கடைக்கு முக்கால் மணி நேரம் ஓட்டினாரு."

மீட்டர் சீட்டில் அப்படியே கீழே வழுக்கினார். "அது... அன்னிக்குப் பாலம் வேலை..."

"கடை ஜன்னலத் தொறந்தா எதிர்ல பாலம். நாலு நாளா அந்த ஜன்னல் பக்கம் உக்காந்துதான் பட்டன் தெச்சுக்கிட்டு இருந்தேன். பாலத்துல ஒரு வேலையும் நடக்கல."

"அப்ப உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

அவள் யோசித்தாள். இருபத்தெட்டு வருடத்தில் யோசிக்காத கேள்வி போலிருந்தது. "முதல்ல கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ஏரிக்கரை வந்துருச்சு. காத்து நல்லா இருந்துச்சு. நீங்களும் நிறுத்தாம பேசிக்கிட்டே வந்தீங்க. கேட்டா பேச்சு நின்னுருமேன்னு விட்டுட்டேன்."

மீட்டர் வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எதையும் கூட்டவில்லை. திடீரென்று நிமிர்ந்தார்.

"நம்ம கல்யாணம் பேசினப்ப நீ ஒண்ணே ஒண்ணு சொன்னே. 'இனிமே சவாரிய சுத்தக் கூடாது'ன்னு. அது உனக்கா தெரிஞ்சதா?"

"பின்ன? எனக்குக் கண்ணு இல்லையா?"

"போச்சு" என்றார் மீட்டர். "ஸ்பேனர்தான் போட்டுக் குடுத்தான்னு நெனச்சேனே."

ஸ்பேனர் அதே ஸ்டாண்டில் அவருக்கு அடுத்தபடியாக வண்டி போடுகிறவர். எப்போதும் கையில் ஒரு ஸ்பேனரோடு எதையாவது முடுக்கிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள். கல்யாணத்தோடு மீட்டர் பேச்சை நிறுத்திவிட்டார். காரணமும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் பத்தடி இடைவெளியில் நின்றுகொண்டு, 'வண்டியத் தள்ளிப் போடச் சொல்லு' என்பதைக்கூட மூன்றாவது ஆள் மூலம்தான் சொல்லி வந்தார்கள்.

"அதுக்காகவா அவர்கூட பேச மாட்டீங்க?" மனைவி நிஜமாகவே அதிர்ந்துபோனாள். "நான் ஏதோ வண்டித் தகராறுன்னு இல்ல நெனச்சேன்!"

"எறங்கின உடனே மொத வேலை, அவனுக்கு ஒரு போன்" என்றார் மீட்டர்.

சொன்னபடி இருபத்தைந்து நிமிடம் முன்னதாக, அந்த ஊர் மணிக்கு மத்தியானம் இரண்டே முக்காலுக்கு விமானம் இறங்கியது. காலை பதினொன்றுக்குக் கிளம்பி அதே நாள் இரண்டே முக்காலுக்கு வந்துவிட்டதைக் கடிகாரத்தில் பார்த்து மனைவி, "நாலு மணி நேரம்கூட ஆகலையே, இதுக்கா இத்தன சண்டை?" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மகளைக் காணோம். மூன்று பத்துக்குத்தான் விமானம் என்று அவள் வேலையிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தாள். மிச்சம் பிடித்த இருபத்தைந்து நிமிடமும், மேற்கொண்டு அரை மணியும் வாசல் பெஞ்சில் கரைந்தது. மீட்டர் வரிசையாக வந்து போகும் டாக்ஸிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது போனதே தெரியவில்லை.

மகள் ஓடி வந்து இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், அம்மா இளைத்துவிட்டதாகச் சொன்னாள். காரில் ஏறியதும் மீட்டர் முன்சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போன் குடும்மா" என்றார்.

"அப்பா, அங்க இப்ப நடு ராத்திரி!"

"அவன் ராத்திரி வண்டிதான் ஓட்டுறான். முழிச்சிருப்பான்."

எண் அவரிடம் இருந்தது. ஸ்டாண்டு நோட்டில் எல்லோருடைய எண்ணும் உண்டு. மகள் போட்டுக் கொடுத்தாள். மணியோசை கார் முழுக்கக் கேட்டது.

"யாரு?" என்றது ஸ்பேனரின் குரல், காருக்குள் அவரே உட்கார்ந்திருப்பது போல.

"நான்தான்டா. மீட்டர்."

மறுமுனையில் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு, "யாரு செத்தா?" என்று கேட்டார் ஸ்பேனர்.

"யாரும் சாகல. ஒரு விஷயம் சொல்லணும். நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்டா. நான் சவாரிய சுத்துற விஷயத்த கல்யாணத்துக்கு முன்னாடி நீதான் இவகிட்ட போட்டுக் குடுத்தேன்னு இத்தன வருஷமா மனசுல வெச்சுக்கிட்டு..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது.

"என்னடா சொல்றே?"

"கடைக்கே போய்ச் சொன்னேன். 'தங்கச்சி, ஆளு தங்கம், ஆனா சவாரிய சுத்துவான், யோசிச்சுக்க'ன்னேன். அது தையல் மிஷின நிறுத்தக்கூட இல்ல. 'தெரியும்ண்ணே, என்னையே சுத்தினாரு'ன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல நான் என்ன பேச? காக்கிச் சட்டைக்கு ரெண்டு பட்டன் வெச்சு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

மீட்டர் பின்பக்கம் திரும்பினார். மனைவி ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல மரமெல்லாம் நல்லா உயரம்" என்றாள்.

"ஸ்பேனர் சொன்னான்னு நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்டது எனக்கா தெரிஞ்சதான்னு. எனக்காத்தான் தெரிஞ்சது."

"நான் சவாரில இருக்கேன்" என்றது ஸ்பேனரின் குரல். "பின்னாடி ஆள் உக்காந்திருக்காரு. வெச்சிரட்டுமா?"

மீட்டர் ஏதோ கோபமாகச் சொல்ல வாயெடுத்தார். கோபத்தைத் தேடினார். அது இருந்த இடத்தில் இல்லை. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அந்தப் பழைய வண்டி ஏதோ ஒரு மேட்டில் கியர் மாற்றி முனகுவது துல்லியமாகக் கேட்டது.

"இருடா, வெக்காத" என்றார். "உன் கிளட்ச் இன்னும் சரியா விடல போலருக்கே?"

"ரெண்டு மாசமா இப்படித்தான். உனக்கெப்படித் தெரியும்?"

"பத்தடி தள்ளி நின்னு தெனம் கேக்குறேன்ல?" என்றார் மீட்டர், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பிளேட் தேஞ்சிருக்கும். முடுக்கி முடுக்கிப் பாக்காத. கழட்டிரு."